சத்திரத்துக் கதவும் பன்னீர்செல்வனாரும்

தஞ்சையினின்று தெற்கே பட்டுக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில், ஏறத்தாழப் பதினைந்து கல் தொலைவில், ஒரத்தநாடு என்னும் ஊர் உளது. அவ்வூரில் முக்தாம்பாள் சத்திரம் எனப் பெயரிய பழைய மாளிகை ஒன்று நிற்கின்றது. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி, தாம் அன்பு கொண்டிருந்த முக்தாம்பாள் என்னும் அம்மையார் பெயர் விளங்குமாறு 1802இல் கட்டுவித்த அறச்சாலை அது. இராமேச்சுரம் செல்லும் யாத்திரிகர் தங்கி உண்டு இளைப்பாறிச் செல்ல, அவ்வரச குலத்தார் வழிநெடுக இத்தகைய சத்திரங்களை அமைத்து, அவற்றுக்கு நன்செய் நிலங்களையும் எழுதி வைத்தனர். நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம், இராசாமடத்து மோகனாம்பாள் சத்திரம், மணமேற்குடித் திரௌபதாம்பாள் சத்திரம் ஆகியவற்றை அப்பக்கத்தார் யாவரும் அறிவர்.

1799இல் நாட்டின் ஆட்சியைக் கும்பினியாரிடம் ஒப்புவித்த சரபோசி மன்னர், தம் முன்னோர் செய்த இவ்வறங்கள் மட்டும் தம் கையைவிட்டுப் போதலாகாது எனக் கவன்றார். அதன் பொருட்டு 1801இல் ஆங்கில ரெசிடெண்டாகிய டோரின் துரைக்கு ஒரு நீண்ட கடிதம் விடுத்தார். சத்திரங்களில் நடைபெறும் அறம் இன்னதென்று அக்கடிதம் விரித்துரைக்கின்றது. அந்தணர் முதல் தாழ்த்தப்பட்ட குலத்தார் ஈறாக வழிப்போக்கர் அனைவர்க்கும் ஆங்கே சோறு இடப்பெற்றது. நோயுற்று வீழ்ந்தார்க்கு மருத்துவரும் மருந்தும் பத்திய உணவும் அளிக்கப்பெற்றன. கருவுற்ற பெண்டிர் மகப்பேறு வரையிலும் அதன் பின்னரும் சில மாதங்கள் அங்கே தங்கினர். பெற்றோரை இழந்து வந்த பிள்ளைகளைச் சத்திரத்து ஆசிரியர் தம் பொறுப்பில் வைத்து, நாடோறும் மும்முறை உணவூட்டி, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்காட்டி, அவர் விரும்பிய கல்வியைக் கற்பித்தார். நான்கு நாளைக்கு ஒரு முழுக்கு என்பதையும் கணக்கில் எழுதிவைத்த அறம் அது. யான் பள்ளியில் இக்கடிதத்தின் செய்தியைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பது இவ்விடத்திலேதான்.

அவ்வறம் பிற்காலத்தில் என்னவாயிற்று? 1855இல் மராட்டிய மரபின் இறுதி மன்னர் ஆண்பிள்ளையின்றி மறைந்தபின் அரசு முடிவுற்றது. சத்திரங்கள் சர்க்கார் பொறுப்பில் சென்று, பின்னர் ஜில்லா போர்டின் மேற்பார்வைக்கு வந்தன. நிலங்கள் இருந்தன; குத்தகை நெல் வந்தது; அடுப்பும் எரிந்தது. ஆனால் பந்தியில் யார் அமரலாம், விடுதியில் யார் தங்கலாம், பாடசாலையில் எதனைக் கற்கலாம் என்னும் கேள்விகளுக்கு விடை சிறிது சிறிதாகச் சுருங்கியது. ஒரத்தநாட்டு விடுதி ஒரு வகுப்புப் பிள்ளைகட்கே உரியதாயிற்று. திருவையாற்றிலே, காவிரிக் கரையில் கல்யாண மகாலில், 1881இல் தோன்றிய கல்லூரி வடமொழிக் கல்லூரியாக நின்றது. அக்கல்லூரியின் மதிற்புறத்தே தமிழ் பேசிச் சென்ற உழவன் மகன், அவ்வறத்திற்குத் தன் நாட்டு வயலே நெல் அளக்கின்றது என்பதை அறியாமலே வளர்ந்தான்.

இந்தக் கதவைத் திறந்தவர் ஒரு பெருநிலக்கிழார், கத்தோலிக்கக் கிறித்தவர், சீமையில் சட்டம் பயின்ற பாரிஸ்டர். சர் ஏ. டி. பன்னீர்செல்வம் என்னும் அப்பெருமகனாரின் வாழ்க்கையைப் பற்றி நம் சங்கத்துக் குடும்பங்களின் இளைய தலைமுறையார் கேள்வியுற்றிருப்பர். விரிவாக அறிந்தார் சிலரே. ஆகலின் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

1888ஆம் ஆண்டு ஜூன் திங்கள் முதல் நாள், பழைய தஞ்சை மாவட்டத்துச் செல்வபுரத்தில் அவர் பிறந்தார். தந்தையார் பெயர் தாமரைச்செல்வம். தாமரைச்செல்வம், பன்னீர்செல்வம் என்னும் பெயர்களைச் சற்றே நின்று நோக்குக. தனித்தமிழ் இயக்கம் தோன்றியது 1916ஆம் ஆண்டளவில்தான். அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, திருமுழுக்கில் வேற்றுநாட்டு அடியார் பெயரையே இடும் வழக்கமுடைய ஒரு கத்தோலிக்கக் குடும்பம், தந்தைக்கும் மகனுக்கும் இத்துணை இனிய பெயர்களை இட்டு வழங்கியது. தமிழாசிரியனாகிய எனக்கு அவர் வரலாற்றில் முதலில் கண்ணிற் பட்டது இதுவே. குடும்பம் பெரும்பண்ணை. ஆற்றுப் பாசனத்தில் பல வேலி நிலமும், அதனால் வரும் செல்வாக்கும், அச்செல்வாக்கினால் வரும் சோம்பலும் அக்காலத்து மிராசுதாரர் பலர்க்கு இயல்பு. பன்னீர்செல்வனாரிடம் முதலிரண்டு இருந்தன, மூன்றாவது இல்லை. திருச்சிராப்பள்ளியில் அர்ச். சூசையப்பர் கல்லூரியிற் பயின்று, இங்கிலாந்து சென்று பாரிஸ்டராகித் திரும்பித் தஞ்சையில் வழக்கறிஞராக அமர்ந்தார்.

அவர் வழக்காடிப் பொருள் ஈட்ட வேண்டிய நிலையில் இல்லை. ஆதலின் பொதுவாழ்வு அவரை எளிதில் ஈர்த்தது. 1916இல் தோன்றிய நீதிக்கட்சியில் சேர்ந்தார். தஞ்சை முனிசிபாலிட்டியின் தலைவரானார். 1924 தொடங்கிப் பல ஆண்டுகள் தஞ்சை ஜில்லா போர்டின் பிரசிடெண்டாக விளங்கினார்.

ஜில்லா போர்டு என்பது இக்காலத்து இளைஞர்க்கு வெறும் சொல். அஃது அன்று எத்துணைப் பெரிய அமைப்பு என்பதைச் சொன்னாலன்றிப் பன்னீர்செல்வனாரின் பணி விளங்காது. மாவட்டத்துப் பாட்டைகள், பாலங்கள், மருத்துவச்சாலைகள், உயர்நிலைப் பள்ளிகள் பல, சந்தைகள் ஆகியன அதன் பொறுப்பு. இவையேயன்றி, தஞ்சை ஜில்லா போர்டுக்குச் சொந்தமாக இருப்புப்பாதையே இருந்தது. மாயவரத்தினின்று திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை 1894இல் வண்டி ஓடிய பாதை போர்டின் பணத்தில் போடப்பெற்றதாகும். இவற்றோடு அரசர் விட்டுச் சென்ற சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் சேர்ந்தன. ஆகவே பிரசிடெண்டு நாற்காலியில் அமர்ந்தவர், ஒரு சிறு சமஸ்தானாதிபதியைப் போன்றவர். அந்நாற்காலியைத் தம் உறவினர்க்கு வேலை வாங்கித் தரும் கருவியாகக் கொண்டார் பல மாவட்டங்களில் இருந்தனர். அதனைச் சத்திரத்துப் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்க்கும் கருவியாகக் கொண்டவர் இவர்.

இவ்விடத்து மற்றொரு பெரியாரையும் நினைவு கூர்தல் வேண்டும். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவராய் அதனை வளர்த்த தமிழவேள் உமாமகேசுவரம் பிள்ளையவர்கள் அவர். 1911ஆம் ஆண்டு மே 14இல் தோன்றிய அச்சங்கத்திற்குத் தம் உடல் பொருள் அனைத்தையும் ஈந்தவர், தாமும் வழக்கறிஞர், தஞ்சைத் தாலூகா போர்டின் தலைவராகவும் இருந்தவர். ஒருவர் சைவர், ஒருவர் கிறித்தவர். ஒருவர் பண்டிதர்களின் நடுவே வாழ்ந்தவர், மற்றவர் சீமை உடையில் நடமாடியவர். இவ்விருவரையும் நட்பில் பிணித்தது தமிழும், தஞ்சை மாவட்டத்துப் பிள்ளைகளின் கல்வியுமேயாம். எண்ணமும் ஏடும் பிள்ளையவர்களுடையவை, அதிகாரமும் துணிவும் பன்னீர்செல்வனாருடையவை எனத் தஞ்சைப் பெரியோர் சொல்வதுண்டு. அது முற்றும் சரியன்று; இருவரிடத்தும் இரண்டும் இருந்தன.

திருவையாற்றுக் கல்லூரியை முதலில் எடுத்துக்கொண்டனர். அரசரின் அறப்பொருளால் நடக்கும் கல்லூரியில் தமிழுக்கு இடமில்லை என்றால், அதற்கு அரசர் ஆணை காரணமா, இடையில் வந்த வழக்கம் காரணமா என்பதே வினா. இருவரும் சட்டம் கற்றவர்களாதலின் மேடையில் முழங்குவதற்கு முன் மூல ஆவணத்தைத் தேடினர். கல்வியின் பொருட்டு என்று அதில் இருந்ததேயன்றி வடமொழிக் கல்வியின் பொருட்டு மட்டும் என்று இல்லை எனக் கண்டனர் என்பது தஞ்சையில் வழிவழியாகச் சொல்லப்பெறும் செய்தி. கண்டபின் காலம் தாழ்த்தவில்லை. 1924இல் அங்கே தமிழும் பாடமாயிற்று. தமிழ் வித்துவான் பட்டத்திற்குப் படிக்கும் வகுப்பு ஏற்பட்டது. வடமொழிக் கல்லூரி என்னும் பெயரும் அரசர் கல்லூரி என மாறிற்று.

வடமொழியை அவர்கள் வெளியேற்றவில்லை என்பதைக் கருதுக. அவ்வகுப்புகள் அங்கேயே தொடர்ந்து நடந்தன. முன்னிருந்தாரை எழுப்பிவிட்டுப் பின்வந்தாரை அமர்த்துவது எளிய வெற்றி. பந்தியை நீட்டிப் போடுவது வேறு. பின்னதைச் செய்தமையாலேதான் அம்மாற்றம், அவர் பதவி நீங்கிய பின்னரும் எவராலும் மாற்றப்பெறாமல் நிலைத்தது. இதனை யான் கேள்வியால் மட்டும் சொல்லவில்லை. யானும் அக்கல்லூரியில் தமிழ் பயின்றவன். காவிரியில் புதுப்புனல் வரும் நாளில் வகுப்பின் சாளரம் வழியே நீரின் ஓசை கேட்கும். ஒரு பக்கத்து அறையில் வியாகரணமும் இன்னொரு பக்கத்து அறையில் நன்னூலும் நடக்கும். அக்காலத்தில் எனக்கு அஃது இயல்பாகவே தோன்றியது. எவரோ ஒருவர் வாதாடித் திறந்த கதவு அது என்பதைப் பட்டம் பெற்று வெளிவந்து நெடுநாட் கழித்தே அறிந்தேன்.

பிறகு ஒரத்தநாடு. ஈண்டு நிலத்தின் இயல்பைச் சிறிது கூறல் வேண்டும். தஞ்சை என்றவுடன் அயலூரார் பச்சைப் பசேலென்ற வயலையே எண்ணுவர். ஒரத்தநாடும் பட்டுக்கோட்டையும் அன்று அத்தகையன அல்ல. காவிரியும் வெண்ணாறும் பாயும் பழைய டெல்டாவிற்குத் தெற்கே மேட்டுப்பாங்கில் கிடந்த அந்நிலம், வானத்தையும் ஏரியையும் நம்பியே வாழ்ந்தது. கல்லணையினின்று பிரியும் புதாறு வெட்டப்பெற்று, 1934இல் மேட்டூர் அணை திறந்த பிறகே அங்கு ஆற்றுநீர் எட்டிப் பார்த்தது. ஆகவே 1920களில் அப்பகுதி உழவர் பிள்ளைகள் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கு மேல் படிக்க வேண்டுமாயின் உணவுக்கும் உறைவிடத்திற்கும் வழியின்றித் திகைத்தனர். கண்ணெதிரே அரசர் கட்டிய சத்திரம் நிற்கின்றது. அதில் மாணவர் விடுதியும் இருக்கின்றது. ஆனால் அவர்கட்கு இடமில்லை.

பன்னீர்செல்வனார் அவ்விடுதியைப் பிற வகுப்புப் பிள்ளைகட்கும் திறந்து வைத்தார். சொல்லுதற்கு இஃது ஒரு வரி. செய்தற்கு எத்துணை எதிர்ப்பைத் தாங்கியிருத்தல் வேண்டும் என்பதை, ஒரு பொது விடுதியின் நிருவாகக் குழுவில் ஒருநாளேனும் அமர்ந்தவர் அறிவர். ஒரே சமையற்கட்டு, ஒரே பந்தி என்னும் சொற்கள் அன்று ஊர்களைப் பிளக்க வல்லன. 1920களின் தொடக்கத்தில் சேரன்மாதேவிக் குருகுலத்தில் தனிப்பந்தி பற்றி எழுந்த பூசல் தமிழ்நாடு முழுவதையும் கலக்கிற்று. அத்தகைய காலத்தில், அரசர் அறத்தின் பெயரால் நடந்த விடுதியில், கிறித்தவராகிய ஒருவர் கை வைத்தார். அவர் சமயத்தைச் சுட்டிப் பழிப்பது பகைவர்க்கு எத்துணை எளிது! ஆனால் அவர் கையில் இருந்தது தம் சமயத்துக் கொள்கையன்று, சரபோசி மன்னரின் பழைய வழக்கமே. எல்லார்க்கும் சோறிட்ட சத்திரத்தை எல்லார்க்கும் திறப்பது புதுமையன்று, மீட்பு என்னும் நியாயம் அவர் பக்கத்தில் நின்றது.

இதனால் விளைந்த பயனை எண்ணிக்கையிட்டுக் காட்ட என்னால் இயலாது. ஒருவரை மட்டும் சொல்லி அமைவேன். வாய்மைமேடு என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் தோன்றிய இலக்குவனார், திருவையாற்று அரசர் கல்லூரியில் பயின்று வித்துவான் பட்டம் பெற்றார். பின்னாளில் தொல்காப்பியம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து ஆராய்ச்சியுடன் 1963இல் வெளியிட்ட பேராசிரியர் அவரே. 1924க்கு முன்பு அவர் அக்கல்லூரி வாயிலில் நின்றிருந்தால் தொல்காப்பியம் கற்க அங்கே வகுப்பே இராது.

நம் சங்கத்தார்க்கு ஒரு சொல். நம் முன்னோரும் கட்டளைகள் பல எழுதி வைத்துள்ளனர். மாணவர் உதவி நிதியும் நம்மிடம் உண்டு. சென்ற பொதுக்குழுவில் யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்கலாகாது என்பதைப் பற்றி நெடுநேரம் பேசினோம். மூல ஆவணத்தில் என்ன எழுதியிருக்கின்றது என்று எடுத்துப் படித்தவர் அன்று அவையில் ஒருவருமில்லை. யானும் படித்திலேன். இக்கட்டுரை எழுதுங்கால் அது என்னை உறுத்திற்று.

இனி அவருடைய அரசியல் வாழ்வைக் காண்போம். 1930ஆம் ஆண்டு தொடங்கி இலண்டனில் நடந்த வட்டமேசை மாநாட்டிற்கு இந்தியக் கிறித்தவர் சார்பில் அவர் அழைக்கப்பெற்றார். 1931 நவம்பரில் அங்கே சிறுபான்மையோர் உடன்படிக்கை ஒன்று எழுதப்பெற்றது. முஸ்லிம்களுக்காக ஆகாகான், தாழ்த்தப்பட்டோர்க்காக அம்பேத்கர், ஆங்கிலோ இந்தியர்க்காக கிட்னி, ஐரோப்பியர்க்காக ஹியூபர்ட் கார், இந்தியக் கிறித்தவர்க்காகப் பன்னீர்செல்வம் ஆகியோர் அதில் கையொப்பமிட்டனர். தனித்தொகுதி வேண்டும் என்பதே அதன் உயிர்நிலை. காந்தியடிகள் அதனை எதிர்த்தார். கிறித்தவர்க்குள்ளேயே டாக்டர் எஸ். கே. தத்தர் போன்றார் தனித்தொகுதியை விரும்பவில்லை. இவ்விடத்தில் பன்னீர்செல்வனார் செய்தது சரியா என்று கேட்டால், யான் தயங்குவேன். ஒரத்தநாட்டில் பந்தியை ஒன்றாக்கியவர் இலண்டனில் தொகுதியைப் பிரிக்கக் கேட்டது முரண்போலத் தோன்றுகின்றது. எனினும், அம்பேத்கரோடு ஒரே தாளில் கையொப்பமிட்ட அவர் கண்ட உண்மை ஒன்றுண்டு: பந்தியில் இடம் இல்லாதவன் முதலில் தன் இலையைத் தானே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கின்றது. அவ்வளவில் அவரை யான் விளங்கிக்கொள்கின்றேன். முற்றும் உடன்படுகின்றேன் அல்லேன்.

1934இல் சென்னைக் கவர்னரின் நிருவாக சபையில் உறுப்பினரானார். உள்நாட்டிலாகா அவர் பொறுப்பில் வந்தது. ராவ்பகதூர், சர் என்னும் பட்டங்களும் அவரை அடைந்தன. 1937 தேர்தலில் காங்கிரசு 215 இடங்களில் 159ஐ வென்றது. நீதிக்கட்சியின் தலைவராகிய பொப்பிலி அரசரே தோல்வியுற்றார். அப்பெருவெள்ளத்தில் அடித்துச் செல்லப்படாமல் சட்டசபையில் நுழைந்த சிலருள் பன்னீர்செல்வனாரும் ஒருவர். காங்கிரசார் பதவியேற்கத் தயங்கிய ஏப்பிரல் முதல் ஜூலை வரையுள்ள மூன்றரைத் திங்களில், கூர்மா வெங்கட்ட ரெட்டி நாயுடு அமைத்த இடைக்கால மந்திரிசபையில் உள்நாட்டு, நிதியிலாகாக்களை ஏற்றார்.

அவர் சார்ந்த கட்சி நிலவுடைமையாளர் கட்சி என்பதும், ஆங்கில ஆட்சியோடு இணங்கிச் சென்றது என்பதும் மறைக்கத்தக்கன அல்ல. தஞ்சை வயல்களில் சேற்றில் நின்ற பண்ணையாளின் நிலை, பட்டம் பெற்ற பெருநிலக்கிழார்கள் சட்டசபையில் இருந்த காலத்தில் மாறவில்லை. அவர்கட்குச் சிறிதளவேனும் காப்பளித்த தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல், செங்கொடிச் சங்கங்களின் போராட்டத்திற்குப் பின்னரே வந்தது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் கதவு திறந்த கை, களத்து மேட்டின் கணக்கைத் திறந்து பார்க்கவில்லை. பன்னீர்செல்வனாரிடம் பேரன்பு உடைய எனக்கும் இவ்வரிகளை எழுதுவது இனிதாக இல்லை. ஆயினும் நம் குடும்பங்களிலும் பண்ணை வைத்திருந்தோர் பலர் உளர் ஆதலின், இதனை எழுதாது விடுதல் நேர்மையன்று.

இராசகோபாலாச்சாரியார் மந்திரிசபை 1938 ஏப்பிரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாய பாடமாக்கியது. காவிரி நாடு கிளர்ந்தது. பட்டுக்கோட்டை அழகிரிசாமியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் உள்ளிட்ட படையொன்று திருச்சிராப்பள்ளியினின்று சென்னைக்கு நடந்தே சென்றது. சிறையில் நோயுற்று 1939 சனவரியில் நடராசனும், மார்ச்சில் கும்பகோணத்துத் தாளமுத்துவும் மாண்டனர். சட்டசபைக்குள் இந்தித் திணிப்பை எதிர்த்து வாதாடியவர்களுள் பன்னீர்செல்வனார் முதன்மையானவர். திருவையாற்றில் வடமொழிக்குப் பக்கத்தில் தமிழுக்கு இடம் கேட்டவர் அவர். இப்போது தமிழ்ப் பிள்ளையின் தலையில் மற்றொன்றைக் கட்டாயமாக ஏற்றுவதை மறுத்தார். இரண்டும் ஒரே கொள்கையின் இருபக்கமே.

1938 டிசம்பர் இறுதியில் சென்னையில் நீதிக்கட்சி மாநாடு கூடிற்று. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற பெரியார் ஈ. வெ. ராமசாமி சிறையில் இருந்தார். அவர்க்குரிய தலைமையுரையை, நிருவாக சபை உறுப்பினராகவும் மந்திரியாகவும் இருந்த சர் பன்னீர்செல்வம் எழுந்து நின்று படித்தார். கட்சியில் பட்டமும் பணமும் உடையார் பலர் அத்தலைமையைத் தமக்கே விரும்பியிருத்தல் கூடும். சீமையில் படித்த பெருஞ்செல்வர், கைதியாக இருக்கும் ஒருவரைத் தலைவராக ஏற்று, அவர் சொல்லைத் தம் வாயால் படித்தது அக்கட்சியின் போக்கையே மாற்றிய நிகழ்ச்சியாகும்.

1939 அக்டோபரில் காங்கிரசு மந்திரிசபை பதவி விலகிற்று. 1940 பெப்ருவரி 21இல் கவர்னர் எர்ஸ்கின் பிரபு கட்டாய இந்தி ஆணையை நீக்கினார். அதற்குள் பன்னீர்செல்வனார்க்கு ஒரு புதிய அழைப்பு வந்திருந்தது. இலண்டனில் இந்தியா மந்திரிக்கு ஆலோசகர்களுள் ஒருவராக அவர் நியமிக்கப்பெற்றார். அதுவோ போர்க்காலம், கடல்வழிப் பயணம் நீர்மூழ்கிக் கப்பல்களால் ஆபத்து நிறைந்தது. வான்வழியே செல்வது விரைவு. ஆகவே அவர் வானூர்தியில் புறப்பட்டார்.

ஹானிபால் என்பது அவ்வூர்தியின் பெயர். பழைய கார்த்தேசு நாட்டுப் படைத்தலைவன் பெயரை அதற்கு இட்டிருந்தனர். இம்பீரியல் ஏர்வேஸ் கும்பினியார் பல ஆண்டுகளாக ஓட்டிய, ஈரடுக்குச் சிறகும் நான்கு எந்திரமும் உடைய பெரிய ஊர்தி அது. மெல்லச் செல்வது எனினும் பத்திரமானது என்று பெயர் பெற்றது. 1940ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், கராச்சிக்கு மேற்கே ஓமன் வளைகுடாவைக் கடந்து சார்ஜாவை நோக்கிச் சென்ற அவ்வூர்தி, சார்ஜாவை அடையவில்லை. ஓட்டுநர் முதலிய பணியாளர் நால்வரும் பயணிகள் நால்வருமாக எண்மர் அதில் இருந்தனர். முதல் உலகப் போரில் பெயர் பெற்ற வானூர்தி வீரர் விஸ்லர் என்பாரும் அவருள் ஒருவர். தேடினர், ஊர்தியும் அகப்படவில்லை, உடல்களும் அகப்படவில்லை. பன்னீர்செல்வனார்க்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு நிரம்பவில்லை. இந்தி ஆணை நீங்கி ஒன்பதாம் நாள் அது.

தஞ்சையில் அச்செய்தியை மக்கள் எளிதில் நம்பவில்லை. உடலைக் கண்டு அழுதாலன்றி நம் மக்களுக்குத் துயரம் ஆறுவதில்லை. எங்கேனும் ஒரு தீவில் கரையேறியிருப்பார், வந்துவிடுவார் என்று நெடுநாள் பேசினர் என முதியோர் கூறக் கேட்டுளேன். தம் மனைவியார் மறைந்தபோதும் அன்னையார் மறைந்தபோதும் கலங்காது நின்ற பெரியார், இவர் மறைவு தம்மைக் கலக்கிவிட்டதாகக் குடிஅரசில் எழுதினார். பாவேந்தர் பாரதிதாசன் ஓமன் கடலை நோக்கி இரங்கிப் பாடினார். ஈரோட்டில் ஒரு பூங்கா அவர் பெயர் பெற்று, ஊரின் நடுவே பன்னீர்செல்வம் பூங்கா என இன்றும் வழங்குகின்றது.

அவருடைய நண்பர் உமாமகேசுவரம் பிள்ளையவர்கள் அதன்பின் நெடுங்காலம் வாழ்ந்திலர். வடநாட்டுப் பயணம் சென்றவர், 1941 மே 9இல் அயோத்தி அருகே உயிர் நீத்தார். திருவையாற்றின் ஏடுகளை ஒன்றாக அமர்ந்து புரட்டிய இருவருள், ஒருவர் கடல்மேல், ஒருவர் கங்கைநாட்டில். ஒருவர்க்கேனும் காவிரிக்கரையில் முடிவு வாய்க்கவில்லை.

ஜில்லா போர்டும் பின்னர் மறைந்தது. சத்திரங்களின் நிருவாகம் மாவட்ட ஆட்சித்தலைவரிடம் சென்றது. ஒரத்தநாடும் திருவையாறும் பிள்ளைகளால் நிறைந்தன.

எம் பள்ளியில் சேர்க்கை நாளில் ஒரு முதியவர் தம் பேரனை அழைத்துக்கொண்டு வந்தார். வயது எண்பதைத் தாண்டியவர், ஒரத்தநாட்டுப் பக்கத்தார், கையொப்பமாகப் பன்னீர்செல்வம் என்று எழுதினார். 1940க்குப் பிறந்தவர்களில் அப்பெயர் உடையார் நம் பக்கத்தில் பலர். இப்பெயரை உங்கட்கு யார் இட்டனர், ஏன் இட்டனர் என்று வினவினேன். தம் தகப்பனார் இட்டது என்றும், தகப்பனார் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றும், ஏன் இட்டார் என்று ஒருநாளும் கேட்டதில்லை என்றும் சொன்னார். அவரை அமரச் செய்து, சத்திரத்தின் கதையை யான் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, தம் தமையனார் அவ்விடுதியில் உண்டுதான் படித்தார் என்றார்.